மாதம் ஒரு ரோல் எடுப்பவர் எந்தக் கலர் ஃபிலிம் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: சித்தப்பாவின் பீரோவிலிருந்து ஒரு பழைய 35 மி.மீ. யாஷிகா கிடைத்திருக்கிறது, ஓடுகிறது. தொழிலுக்கு இல்லை. வீட்டு மனிதர்கள், தெரு, எப்போதாவது ஒரு பயணம், அவ்வளவுதான். மாதம் ஒரு ரோலுக்கு மேல் கட்டுப்படியாகாது. கடையில் பெயர் பெயராக அடுக்கியிருக்கிறார்கள். மலிவான கலர் ஃபிலிமில் எதை வாங்கினால் பணம் வீணாகாது?

நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கோடாக் கலர்பிளஸ் 200, கோடாக் கோல்ட் 200, ஃபியூஜிஃபிலிம் 200. இந்த மூன்றில் நீங்கள் வாங்கும் நாளில் எது விலை குறைவோ அதை வாங்குங்கள். 36 படம் உள்ள ரோலாக வாங்குங்கள். ஐந்தாறு ரோல் வரை வேறு எதற்கும் தாவாமல் அதிலேயே எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு வேண்டியதைவிட ஒரு மடங்கு வெளிச்சம் கூடவே கொடுங்கள். ஃபிலிமில் மிச்சமாகும் காசை நல்ல லேபுக்குச் செலவழியுங்கள். அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். காரணம் தெரிந்துகொள்ள விரும்பினால் மேலே படியுங்கள்.

முதலில் காசுக் கணக்கு. ரோல் விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு படத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு 36 படம் உள்ள ரோல் ஆயிரம் ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய ஐந்நூறு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500. ஒரு படம் ஏறக்குறைய 42 ரூபாய். அதே ஃபிலிம் 24 படம் உள்ள ரோலாக எண்ணூறுக்குக் கிடைத்தால் மலிவாகத் தெரியும். ஆனால் கழுவுகிற கூலி குறையாது. 1,300 ரூபாயை 24ஆல் வகுத்தால் ஒரு படம் 54 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், கணக்கின் போக்கு மாறாது. இன்னொன்றும் இதில் தெரியும். ரோலில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் படத்துக்கு மூன்று ரூபாய்கூட மிஞ்சாது. யோசிக்காமல் அமுக்கிய பத்துப் படம் நானூறு ரூபாய்க்கு மேல் தின்றுவிடும்.

இந்த விலைக்கு நாட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பில் படம் பிடிக்கிற பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. அந்த ஆலை இன்று இல்லை. இங்கே கடைக்கு வரும் புதிய கலர் ரோல் எல்லாமே இறக்குமதி. டாலர் ஏறினால் விலை ஏறும், சரக்கு வரத் தாமதமானால் பெட்டிகள் காணாமல் போகும். அதனால்தான் ஒரே பெயரைச் சொல்லி அடம்பிடிக்காமல் மூன்று பெயர் சொன்னேன்.

அந்த மூன்றும் நெருங்கிய உறவு என்பதும் ஒரு காரணம். கலர்பிளஸ் பழைய வகை, கொஞ்சம் மங்கிய வெதுவெதுப்பான நிறம், மணல்மணலாகத் தெரியும் துகள் சற்றுக் கூடுதல். கோல்ட் அதைவிட அழுத்தமான மஞ்சள், துகள் கொஞ்சம் நயம். ஃபியூஜிஃபிலிம் 200 பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அமெரிக்காவில் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். ஜப்பானில் தயாரான பழைய ஃபியூஜி சி200 வேறு ஃபிலிம். அதன் பச்சை சாயலுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, ஆனால் அது நின்றுபோய்விட்டது. இப்போது வருவதன் தொழில்நுட்பத் தாளைக் கோல்ட் 200 தாளோடு பக்கத்தில் வைத்தால் வளைகோடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே "ஃபியூஜி நிறம்" என்று நம்பி அதற்கு அதிகப் பணம் தர வேண்டாம். விலை குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். 2025 அக்டோபரில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் கோடாகலர் 100, 200 என்று இரண்டு ரோல்களைத் தன் கையாலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. உங்கள் கடையில் அது மலிவாகக் கிடைத்தால் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் எண்தான் 200, 400 என்பது, எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். அப்படியானால் 200 ஏன், 400 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நம் ஊர் வெயில்தான் காரணம். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெளியில் எடுப்பதற்கு 200 தாராளமாகப் போதும். வெயில் காய்கிற இடத்தில் ஷட்டர் 125 (நொடியில் 125இல் ஒரு பங்கு), லென்ஸ் துவாரம் எஃப் 11 என்று வைத்துவிட்டால் கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துக் கிடந்தாலும் நல்ல நெகட்டிவ் வரும். திறந்த நிழலில், அதாவது மரத்தடி, திண்ணை, கட்டிட நிழல் போன்ற இடங்களில், அதே 125க்கு எஃப் 4. மேகமூட்டம் என்றால் இரண்டுக்கும் நடுவே எஃப் 5.6. இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்றிலுமே கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்குள், கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம் என்று போவதாக இருந்தால் மட்டும் கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400. அதிலும் பிராகாரத்தின் உள்ளே எஃப் 2, ஷட்டர் 30 என்று இறங்க வேண்டிவரும், தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துத்தான் அமுக்க வேண்டும். உங்கள் கேமரா ஷட்டர், துவாரம் எதையும் மாற்ற முடியாத எளிய பெட்டியாக இருந்தாலும் 400தான் பாதுகாப்பு. வெயிலில் வெளிச்சம் கூடிப்போவதை ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும், நிழலில் வெளிச்சம் குறைவதை எந்த ஃபிலிமும் பொறுக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது, எனவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். செல்போனிலும் டிஜிட்டல் கேமராவிலும் பழகியவர்களுக்கு வெளிச்சம் கூடினால் பயம். வானம் வெளுத்துவிட்டால் அதை மீட்க முடியாது என்பதால் ஒரு படி குறைத்தே எடுத்துப் பழகியிருப்பார்கள் (ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதி, ஒரு படி கூட்டினால் இரட்டிப்பு). கலர் நெகட்டிவில் இது தலைகீழ். அதிக வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் கெட்டியாகப் பதியும், உள்ளே விவரம் இருக்கும், ஸ்கேனர் அதை எடுத்துவிடும். வெளிச்சம் படாத இடத்தில் பதிய ஒன்றுமே இல்லை. இரண்டு படி கூடினாலும் படம் நன்றாக வரும். ஒரு படி குறைந்தாலே நிழல் சேறாகிவிடும்.

இதை நானே ஒரு ரோலில் பார்த்தேன். அத்தை காலை பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் வெயிலில் வெள்ளையடித்த எதிர்வீட்டுச் சுவர். கலர்பிளஸ் ரோல். முதல் படம் மீட்டர் சொன்னபடி, அடுத்தது ஒரு படி கூட்டி, மூன்றாவது இரண்டு படி கூட்டி எடுத்தேன். கழுவி வந்ததும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் எதிர்வீட்டுச் சுவர் அருமையாக இருந்தது, அத்தை முகம் பழுப்பும் பச்சையும் கலந்த மணல். மீட்டர் அந்தச் சுவரைப் பார்த்து ஏமாந்திருந்தது. இரண்டாவதில் முகம் முகமாக வந்தது. மூன்றாவதில் மூக்குத்தியின் ஓரம், காதோரத்து நரை, அரக்குச் சேலையில் அதே அரக்கில் ஓடும் கட்டம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. சுவர் வெளுத்துத்தான் போயிருந்தது, ஆனால் சுவருக்காகவா எடுத்தோம்? ஒரே ஃபிலிம், ஒரே நிமிடம். முதல் படத்தை மட்டும் பார்த்திருந்தால் "மலிவு ஃபிலிம், முகம் வரவில்லை" என்று முடிவுகட்டியிருப்பேன்.

நம் தோல் நிறத்துக்கு இது இன்னும் முக்கியம். கலர் பிரின்ட் சரிபார்க்க லேபுகளுக்குத் தந்த மாதிரி அட்டைகளை 'ஷெர்லி' அட்டை என்பார்கள். பல பத்தாண்டுகள் அவற்றில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்கள்தான். கருத்த தோலும் பழுப்புத் தோலும் சேர்ந்த அட்டையை 1990களில்தான் கோடாக் கொடுத்தது. இன்றைய கோல்ட், கலர்பிளஸ் இரண்டும் பழுப்பு நிறங்களை மிக அழகாகக் காட்டும், ஆனால் முகத்துக்கு வெளிச்சம் போய்ச் சேர வேண்டும். மீட்டரை முகத்தருகே கொண்டுபோய் அளவெடுங்கள். அது முடியாவிட்டால் வெள்ளைச் சுவர், வானம், வெள்ளை வேட்டி எதுவும் படத்தில் பெரிதாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு படி கூட்டுங்கள். 200 ஃபிலிம் போட்டுவிட்டுக் கேமராவில் ஃபிலிம் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ வட்டை 100இல் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டிய வேலையும் மிச்சம்.

தானாகவே வேகத்தைப் படிக்கும் கேமராவில் இந்த வட்டு இருக்காது. ரோல் டப்பாவின் மேல் வெள்ளியும் கருப்பும் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதுதான் டிஎக்ஸ் குறி, கேமரா அதைத் தொட்டுப் படிக்கிறது. குறி இல்லாத ரோலைப் பல கேமராக்கள் 100 என்றே எடுத்துக்கொள்ளும். கையால் சுற்றி விற்கும் 400 ரோலில் குறி இல்லையென்றால் பதற வேண்டாம், இரண்டு படி கூடுதலாக விழும், நல்லதுதான்.

இனி, வாங்காமல் தவிர்க்க வேண்டியவை. போர்ட்ரா 400 அருமையான ஃபிலிம். தொழில்முறையில் கல்யாணம் எடுப்பவர் வாங்கட்டும், மாதம் ஒரு ரோல் எடுத்துப் பழகுகிறவருக்கு அந்த விலைக்கு இரண்டு ரோல் கோல்ட் அதிகம் கற்றுக்கொடுக்கும். எக்டார் 100 நிறங்களை அழுத்திக் காட்டும், மலை, கடல், கோபுரத்துக்கு நன்று, முகத்தைச் சிவக்கவைத்துவிடும். ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 கொண்டுவந்தது. கருப்பு வெள்ளைக்குப் பெயர்போன ஒரு ஆலை தானாகவே கலர் ஃபிலிம் செய்யத் துணிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அது கரடுமுரடான மாறுபாடு உள்ள ஃபிலிம், வெளிச்சப் பிழையைப் பொறுக்காது, விளக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசியும். பழகிய பிறகு ஆசைக்கு ஒரு ரோல் எடுத்துப் பார்க்கலாம்.

சினிமா ஃபிலிமை வெட்டி டப்பாவில் சுற்றி விற்பதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். கோடாக் விஷன்3 250டி (D), 500டி (T) என்று வரும், விலையும் ஆசை காட்டும். ஃபிலிம் மோசமில்லை, அற்புதமானது. சிக்கல் அதன் முதுகில். 2025இல் கோடாக் அதை நீக்கத் தொடங்கும்வரை ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு பின்பக்கம் இருந்தது, பழைய சரக்கில் இன்னும் இருக்கும். அந்த ஃபிலிமே ஈசிஎன்-2 என்ற வேறு முறையில் கழுவுவதற்காகச் செய்தது. சாதாரண கலர் நெகட்டிவ் கழுவும் தெருமுனை லேபின் சி-41 இயந்திரத்துக்குள் பூச்சுள்ள ரோலை விட்டால் கரி கரைந்து மருந்தெல்லாம் கெடும், பின்னால் வரும் அடுத்தவர் ரோலும் நாசமாகும். எனவே முதலில் லேபைக் கேளுங்கள், பிறகு ரோலை வாங்குங்கள். பூச்சை நீக்கியே விற்கும் ரோல்களும் உண்டு, அவற்றைச் சாதாரண லேபில் கொடுக்கலாம், விளக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வருவது அந்தப் பூச்சு இல்லாததால்தான். 500டி (T) மஞ்சள் விளக்குக்காகச் செய்தது என்பதும் நினைவிருக்கட்டும், வெயிலில் எடுத்தால் நீலம் பாயும்.

காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கும். பத்தாண்டுக்கு ஒரு படி வெளிச்சம் கூட்டு என்று ஒரு வழக்குக் கணக்கு உண்டு. குளிர்பெட்டியில் இருந்த ரோலுக்கு அது ஓரளவு பொருந்தும். ஸ்டூடியோ பரணில் பதினைந்து கோடை வெந்த ரோலுக்கு எந்தக் கணக்கும் இல்லை. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளை அதில் எடுக்காதீர்கள்.

வெப்பம் என்றதும் கோடாக் புரோஇமேஜ் 100 நினைவுக்கு வருகிறது. 1997இல் வந்த இந்த ரோல் வெப்பமும் புழுக்கமும் உள்ள நாடுகளை மனதில் வைத்தது, குளிர்பதனம் இல்லாத கடை அலமாரியிலும் நிறம் கெடாமல் தாங்கும்படி செய்தது. ஐந்து ரோல் கொண்ட பெட்டியாக வரும். தோல் நிறம் மிக நன்றாக வரும். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பெட்டியாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் சில சமயம் கோல்ட் விலைக்கே கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்தால், பகலில் மட்டும் எடுப்பவர் நான் முதலில் சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு இதை எடுக்கலாம்.

எந்த ரோலாக இருந்தாலும் வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காதீர்கள். இரண்டு மணி நேரம் வெளியே இருந்து அறையின் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் மேல் வியர்க்கும். காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். விமானப் பயணத்தில் பெட்டியோடு உள்ளே அனுப்பும் சாமானில் ரோல் இருக்கவே கூடாது. கையில் வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சி.டி. (CT) ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைப் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

லேபுக்கு வருவோம். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் மூன்றே கால் நிமிடம் இருக்க வேண்டும். அரை டிகிரி தவறினாலும் நிறம் நகரும். வாரத்துக்கு இரண்டு ரோல் கழுவும் கடையைவிடத் தினம் முப்பது ரோல் கழுவும் கடையின் மருந்து நம்பகமானது, தூரமாக இருந்தாலும் தபாலில் அனுப்பலாம். நெகட்டிவைக் கட்டாயம் திரும்பக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் கொடுக்கும்போது "முகத்தை வெளுக்க வேண்டாம், இருக்கிற நிறத்திலேயே விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு முகத்தை வெளுப்பது மரியாதை என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

படம் சரியில்லாமல் வந்தால் யார் தவறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் எண்களும் ஆலையிலேயே பதித்திருப்பார்கள். ஓரத்து எழுத்து அழுத்தமாக இருந்து, படம் மட்டும் கண்ணாடிபோல் வெளிறியிருந்தால் நீங்கள் வெளிச்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஓரத்து எழுத்தே மங்கலாக இருந்தால் கழுவியதில் கோளாறு. நெகட்டிவ் கெட்டியாக, நன்றாக இருந்து ஸ்கேன் மட்டும் பச்சையடித்தால் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும், ஃபிலிம்மேல் பழி இல்லை. "இந்த ஃபிலிம் மோசம்" என்று என்னிடம் கொண்டுவந்த பலருடைய நெகட்டிவில் நான் பார்த்தது முதல் வகை அல்லது மூன்றாவது வகைதான்.

செலவை இன்னும் இறக்க வேண்டும் என்றால் பாதிச் சட்டக் கேமரா (ஹாஃப் ஃபிரேம்) ஒன்று தேடலாம். பழைய ஒலிம்பஸ் பென் வரிசை, 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 போன்றவை ஒரு சட்டத்தில் இரண்டு படம் எடுக்கும், 36 ரோலில் 72. துகள் பெரிதாகத் தெரியும், வீட்டு ஆல்பத்துக்கு அது குறையே இல்லை. ஆனால் ஸ்கேன் கூலியைப் படத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா, ரோலுக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கழுவுவதும் முடியும், ஆனால் கலந்த மருந்து நாளாக நாளாகக் கெட்டுப்போகும், மாதம் ஒரு ரோலுக்கு அது கட்டாது.

கடைசியாக, புது ரோலைப் போடுவதற்கு முன் சித்தப்பாவின் கேமராவைத் திறந்து பின்கதவின் ஓரத்தில் ஓடும் கருப்புப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தார்போல் விரலில் ஒட்டினால் அதை மாற்றிவிட்டுத்தான் ரோல், இல்லையேல் ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சுக் கோடு விழும். ரோலைக் கோத்துக் கதவைச் சாத்திய பிறகு, ஃபிலிமை டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றும் குமிழை மெதுவாக இறுக்கிவிட்டு லீவரைத் தள்ளுங்கள். குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. தஞ்சாவூரில் ஒரு முழு நாள் பெரிய கோயிலைச் சுற்றி 36 படம் எடுத்து, எண் 40ஐத் தாண்டியும் லீவர் இழுபட்டபோதுதான் எனக்கு இது தெரிந்தது. டப்பாவைவிட்டு ஃபிலிம் ஒரு அங்குலம்கூட வெளியே வந்திருக்கவில்லை. மறுநாள் காலை அதே ரோலை மறுபடி கோத்து, குமிழ் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே, நந்தியிலிருந்து ஆரம்பித்தேன்.